முதுகில் சொடக்கு விழுந்தது: எலும்பு உண்மையிலேயே இடத்துக்கு வந்ததா?

#1 நிழல்குடை

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. ஐந்து வாரத்துக்கு முன்பு தரையில் கிடந்த ஒரு பெட்டியைக் குனிந்து தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் நிமிரவே முடியவில்லை. அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு உடம்பு மரக்கட்டைதான். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சிகிச்சை செய்கிறவரிடம் போனேன். யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். எனக்கு விஷயம் புரிந்தால் போதும்.

அவர் என்னை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். படத்தின் மேல் கோடு போட்டுக் காட்டி, "இடுப்பில் மூன்றாவது எலும்பும் நான்காவது எலும்பும் விலகியிருக்கின்றன, நரம்பை அழுத்துகின்றன" என்றார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மேல்காலை மடக்கி, ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்பில் சடாரென்று ஒரு தள்ளு. மூன்று நான்கு சொடக்குகள் வரிசையாக விழுந்தன. எழுந்து நின்றால் உடம்பு லேசாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அன்றுதான் குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். இரண்டு நாள் அந்தச் சுகம் இருந்தது. மூன்றாம் நாள் பழைய இறுக்கம் வந்துவிட்டது.

இப்போது மூன்று மாதத்தில் 36 தடவை வரச் சொல்கிறார். எலும்பு பழைய இடத்துக்கே போகப் பார்க்குமாம், திரும்பத் திரும்ப அழுத்தி உட்காரவைக்க வேண்டுமாம். அடுத்த தடவை கழுத்தையும் சரிசெய்யப் போகிறாராம். கழுத்தில் எனக்கு ஒரு வலியும் கிடையாது.

அந்தச் சத்தம் என்ன? எலும்பு நகர்ந்ததா? நகரவில்லை என்றால் எனக்கு ஏன் சுகமாக இருந்தது? கழுத்தைக் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பனைமரம்

தயங்காமல் போங்கள் நண்பரே. எட்டு வருடம் இடுப்பு வலியோடு இருந்தவன் நான். மாத்திரை, பெல்ட், ஒத்தடம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கைரோபிராக்டரிடம் நாலாவது தடவை போனபோதே மாற்றம் தெரிந்தது. இன்றைக்கு நான் மூட்டை தூக்குகிறேன்.

36 அதிகமாகத் தெரியலாம். பல்லுக்குக் கம்பி போட்டால் ஒரே நாளில் நேராகிவிடுமா? எனக்கு இப்படித்தான் விளக்கினார்கள். குணம் தெரிகிறது என்றால் அது எப்படி நடந்தது என்று எதற்கு நோண்ட வேண்டும்?

#3 கொன்றை

நான் பிசியோதெரபிஸ்ட். 19 வருடமாக முதுகு வலிக்காரர்களோடுதான் பொழுது போகிறது. நானும் முதுகுக்கு இந்த விரைவான தள்ளலைக் கொடுக்கிறவள்தான். அது கைரோபிராக்டருக்கு மட்டும் உரியதில்லை, எங்கள் படிப்பிலும் உண்டு, கையால் செய்கிற இன்னொரு சிகிச்சை முறையான ஆஸ்டியோபதியிலும் உண்டு. அதனால் எதிர்க்கட்சிக்காரியின் பதிலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சத்தம். விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதேதான். முதுகெலும்பில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகள் பின்பக்கம் சிறு சிறு மூட்டுகளால் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மூட்டைச் சுற்றியும் ஒரு பை, பைக்குள் எண்ணெய் மாதிரி ஒரு திரவம், திரவத்தில் கரைந்த வாயு. மூட்டின் இரு பக்கமும் சட்டென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் தடாலெனக் குறைகிறது, வாயு குமிழியாக வெளிப்படுகிறது. 2015-இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை எம்ஆர்ஐக்குள் வைத்து இழுத்து, மூட்டுக்குள் அந்த வெற்றிடம் உருவாவதை நேரடியாகப் படம் பிடித்தார்கள். குமிழி உருவாகும்போது சத்தம் வருகிறதா, அது சுருங்கும்போது வருகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. ஆனால் எலும்பு எலும்போடு மோதுகிற சத்தமோ, இடத்தில் போய் உட்காருகிற சத்தமோ இல்லை. ஒரு தடவை சொடக்கு விழுந்த மூட்டில் அடுத்த சுமார் 20 நிமிடத்துக்கு மறுபடி விழாது. வாயு திரும்பக் கரைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

நெட்டி முறித்தால் மூட்டு தேயும் என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அமெரிக்காவில் டொனால்டு அங்கர் என்ற மருத்துவர் 50 வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் நெட்டி முறித்து, வலது கையைத் தொடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டு 1998-இல் எழுதினார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. ஒரே ஆள் செய்த சோதனைதான். ஆனாலும் அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும்.

அடுத்து, எலும்பு நகர்ந்ததா? நகரவில்லை. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1998-இல் சுவீடன்காரர்கள் இடுப்பு மூட்டுக் கோளாறு என்று சொல்லப்பட்ட 10 பேருக்கு, எலும்புக்குள் டான்டலம் என்ற உலோகத்தில் மிகச் சிறிய குண்டுகளைப் பதித்து, தள்ளலுக்கு முன்னும் பின்னும் நுட்பமான எக்ஸ்ரே எடுத்தார்கள். கையால் தொட்டுப் பார்த்தவர்கள் "சரியாகிவிட்டது" என்றார்கள். படத்தில் எலும்பின் நிலை மாறவே இல்லை.

பனைமரம், பல் கம்பி உதாரணம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பி இரவும் பகலும் மாதக்கணக்கில் பல்லை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தாடை எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்கிறது. முதுகில் கொடுக்கிற தள்ளல் ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்கூட இருக்காது. அதில் எலும்பு எங்கே போய் உட்காரும்?

#4 நிழல்குடை

நன்றி அக்கா. ஆனால் எக்ஸ்ரேயில் அந்த எலும்பு கோணலாக இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேனே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#5 கொன்றை

பார்த்திருப்பீர்கள், மறுக்கவில்லை. முதுகை நடுவில் தடவினால் வரிசையாகக் கையில் தட்டுப்படுகிற முட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவை முள்ளெலும்புகளின் பின்முனைகள். பிறவியிலேயே பலருக்கு அவை இடமோ வலமோ சாய்ந்துதான் இருக்கும். மூக்குத் தண்டு துல்லியமாக நேராக இருக்கிறவர் எத்தனை பேர்? நிற்கும்போது ஒரு காலில் கொஞ்சம் பாரம் கூடினாலே படத்தில் கோடு சாயும். அதை வலியோடு முடிச்சுப் போடுவதுதான் தப்பு.

எம்ஆர்ஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஜவ்வு விலகிவிட்டது" என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பயத்தோடு வருகிறவர்கள் என்னிடம் தினமும் உண்டு. முதுகில் எந்த வலியும் இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த முடிவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு, அதாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருப்பது, இருந்தது. 40 வயதில் 50 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். எல்லோரும் வலியில்லாதவர்கள்! தலைநரை மாதிரி, வயதோடு வருவது. உங்களுக்கு 41. நாளைக்கே எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது ஒன்று எழுதியிருப்பார்கள். இன்றைய வலிக்கு அதுதான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது.

எங்கள் தொழிலிலும் இந்தத் தப்பு உண்டு. நானே ஆரம்ப வருடங்களில் "இடுப்பு எலும்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது" என்று நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன ஒரு அம்மா ஆறு வருடமாகத் தரையில் உட்காரப் பயந்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தபோது மனசு மிகவும் கஷ்டப்பட்டது. அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன்.

#6 அகல்

இந்த "விலகல்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்.

டேனியல் டேவிட் பால்மர், 1845-இல் கனடாவில் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தார். 1895 செப்டம்பரில், அதே கட்டிடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்ட் என்பவருக்கு 17 வருடமாகக் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டார். முதுகில் ஒரு மேட்டைக் கண்டு அதை அழுத்தியதாகவும் கேட்கும் சக்தி திரும்பியதாகவும் பால்மர் எழுதினார். தொழிலின் பிறப்புக் கதை இதுதான். கைரோபிராக்டிக் என்ற பெயரைச் சூட்டித் தந்தவர் அவருடைய நண்பரான ஒரு பாதிரியார். கிரேக்கத்தில் "கையால் செய்வது" என்று பொருள். 1897-இல் பள்ளியே தொடங்கிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம். செவி நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டுக்குப் போகிறது. முதுகெலும்பு அதை அழுத்த வழியில்லை. ஆனால் பால்மர் அந்த ஒரு சம்பவத்தை வைத்து, நோய்களில் 95 சதவீதம் முள்ளெலும்பு விலகலால்தான் வருகின்றன என்று 1910-இல் எழுதினார். அந்த விலகலுக்கு அவர் வைத்த பெயர் சப்லக்சேஷன். மருத்துவத்திலும் இதே சொல் உண்டு. அங்கே மூட்டு பாதி நழுவியதைக் குறிக்கும், படத்தில் யார் பார்த்தாலும் தெரியும். கைரோபிராக்டிக்கில் அது வேறு. ஒரே முதுகை இரண்டு பேர் தடவினால் இரண்டு வேறு இடத்தைக் காட்டுகிற அளவுக்குப் பிடிபடாத சமாச்சாரம். 2010-இல் பிரிட்டனில் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்துகிற பொதுக் கவுன்சிலே, இது வரலாற்றுக் கருத்து, நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆராய்ச்சியில் ஆதாரம் இல்லை என்று அறிவித்தது.

நிழல்குடை, உங்களிடம் சொல்லப்பட்டது அந்த 1895-இன் கதைதான்.

#7 பனைமரம்

அகல், நீங்கள் சொல்வதெல்லாம் சரி என்றே வைத்துக்கொள்வோம். மறுபக்கத்தையும் சொல்லுங்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-இல் இதற்கென்றே ஒரு குழு வைத்து இந்தத் தொழிலை ஒழிக்கப் பார்த்தது. எந்த டாக்டரும் கைரோபிராக்டரோடு சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்று தடுத்தார்கள். நீதிமன்றம் போய், 1987-இல் சங்கம் செய்தது தப்பு என்று தீர்ப்பு வந்தது. ஒன்றும் இல்லாத விஷயம் என்றால் அவ்வளவு பயம் ஏன்?

#8 அகல்

நியாயமான கேள்வி. அந்தத் தீர்ப்பு உண்மைதான். 1976-இல் வில்க் என்பவரும் வேறு சில கைரோபிராக்டர்களும் போட்ட வழக்கு, 1990-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. சங்கம் நடந்துகொண்ட விதம் அசிங்கமானது, அதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே கருத்து. ஆனால் அது தொழில் போட்டியைத் தடுப்பது பற்றிய சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு. சிகிச்சை பலன் தருமா என்பதை அந்த நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை, தன் வேலை அது இல்லை என்று நீதிபதியே தெளிவாகச் சொன்னார்.

#9 சிற்றோடை

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கைரோபிராக்டர். வெளிநாட்டில் ஐந்து வருடம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன்.

கொன்றை எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை. எங்களுக்குள் நூறு வருடமாக இரண்டு கூட்டம் உண்டு. பால்மர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், உடற்பயிற்சியும் மற்ற மருத்துவமும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது. என் அறையில் விலகல், சப்லக்சேஷன் என்ற பேச்சே வராது.

உங்களுக்கு ஏன் சுகமாக இருந்தது என்று கேட்டீர்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டதும் உடம்பு அந்த இடத்தைக் காவல் காக்கிறது. தசைகள் இறுகி, குனியவிடாமல் தடுக்கின்றன. முதல் சில நாளுக்கு அது நல்லதுதான். பிரச்சினை என்னவென்றால், அடிபட்ட இடம் ஆறின பிறகும் பலருக்குக் காவல் விலகுவதில்லை. நாங்கள் மூட்டைத் தளர்வு தீரும்வரை மெதுவாகக் கொண்டுபோய், அந்த எல்லையில் வேகமாகவும் சின்னதாகவும் ஒரு தள்ளல் கொடுக்கிறோம். முதுகின் நடுப்பகுதியில் அதன் உச்ச விசை சுமார் 400 நியூட்டன், கிட்டத்தட்ட 40 கிலோ எடையை ஒரு கணம் வைத்த மாதிரி. கழுத்தில் அதில் கால் பங்கு. மூட்டுப் பையிலும் சுற்றியுள்ள தசையிலும் இழுவையை உணர்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. திடீர் இழுப்பில் அவை எல்லாம் ஒரே நேரத்தில் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அதனால் வலியை உணர்கிற அளவு கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது, தசையின் இறுக்கம் தளர்கிறது. கூடவே, ஒருவர் அக்கறையோடு தொட்டுப் பார்க்கிறார், பயந்த அசைவு வலியில்லாமல் நடந்துவிடுகிறது, இதெல்லாமும் சேர்கிறது. எலும்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. மாறியது நரம்பு மண்டலத்தின் பதில். அதனால்தான் இரண்டு நாளில் தீர்ந்தது.

குறிப்பிட்ட ஒரு எலும்பைத்தான் தள்ளினோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதும் அவ்வளவு உண்மையில்லை. 2004-இல் முதுகின் மேல் அதிர்வு உணரிகளை ஒட்டிச் சொடக்கு எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். இடுப்புப் பகுதியில் குறிவைத்த இடத்துக்கும் சத்தம் வந்த இடத்துக்கும் சராசரியாக 5 சென்டிமீட்டர் தூரம். அதாவது ஒரு எலும்பு தள்ளி. படித்தபோது எனக்கு அதிர்ச்சிதான். ஆனாலும் நோயாளிகளுக்குப் பலன் இருந்தது. அப்படியென்றால் பலனுக்குக் காரணம் துல்லியம் இல்லை.

பலன் எவ்வளவு? புதிதாக வந்த இடுப்பு வலிக்கு 26 சோதனைகளைத் தொகுத்து 2017-இல் பார்த்தார்கள். ஆறு வாரத்துக்குள், 100-க்கு அளக்கிற வலி அளவுகோலில் சுமார் 10 புள்ளி குறைந்தது. நாள்பட்ட வலிக்கு 2019-இல் 47 சோதனைகள், 9,211 பேர். பரிந்துரைக்கப்படும் மற்ற சிகிச்சைகளுக்கு, முக்கியமாகப் பயிற்சிகளுக்கு, சமமாகத்தான் வந்தது. அதைவிட மேல் இல்லை, கீழும் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டியிலும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியிலும் இடுப்பு வலிக்கு இது ஒரு தேர்வாக இடம்பெற்றிருக்கிறது. பிரிட்டனின் வழிகாட்டி, உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டும் செய்யுங்கள் என்கிறது.

என் வழக்கம் இது: நாலைந்து தடவை பார்ப்பேன். நோயாளிக்கு மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு வழி சொல்வேன். முதல் நாளே 36 என்று எண்ணிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. வலியில்லாத கழுத்தைத் தொட ஒரு காரணமும் கிடையாது.

#10 பனைமரம்

சிற்றோடை சார், ஒரு கைரோபிராக்டரே இப்படிச் சொல்வதால் கேட்கிறேன். அப்படியென்றால் எனக்கு எட்டு வருட வலி எப்படிப் போனது? சும்மா போனதா?

#11 சிற்றோடை

சும்மா என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் வேறு என்ன மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வலி குறைந்த சமயத்தில் நடக்க ஆரம்பித்தீர்களா? பெல்ட்டைக் கழற்றினீர்களா?

#12 பனைமரம்

பெல்ட்டைக் கழற்றச் சொன்னதே அவர்தான். தினமும் 40 நிமிடம் நடக்கச் சொன்னார். இன்றுவரை நடக்கிறேன். இதை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. ம்ம்... யோசிக்கிறேன்.

#13 தாழம்பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். என் அம்மாவுக்கு வயது 68. ஆஸ்துமாவுக்காகப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். நடுமுதுகு வலிக்கு ஓர் இடத்தில் குப்புறப் படுக்கவைத்து அழுத்தினார்கள். அம்மா அலறிவிட்டார். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. எலும்பு மெலிந்திருக்கிறது என்று அப்புறம் எடுத்த பரிசோதனையில்தான் தெரிந்தது. அழுத்துவதற்கு முன்பு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றுகூட. இரண்டு மாதம் அவரால் இருமக்கூட முடியவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

#14 கொன்றை

தாழம்பூ, கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பில்லை அம்மா. கை வைப்பவரின் பொறுப்பு. தயவுசெய்து அதைச் சுமக்காதீர்கள்.

மற்றவர்களுக்காக எழுதிவைக்கிறேன். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், இவர்களுக்கு இந்த வேகமான தள்ளல் கூடாது, அல்லது மருத்துவர் பார்த்த பிறகே யோசிக்க வேண்டும். முடக்குவாதத்தில் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைக் கட்டியிருக்கிற நாண் தளர்ந்திருக்கலாம், அங்கே தள்ளுவது பேராபத்து.

முதுகு வலியோடு பிறப்புறுப்பைச் சுற்றியோ உட்காருகிற இடத்திலோ மரத்துப்போனால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் அல்லது கட்டுப்பாடில்லாமல் போனால், கால்கள் பலமிழந்துகொண்டே போனால், அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் திரும்பாது. காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி, இவற்றையும் காட்டிக்கொண்டு யாரும் முதுகைத் தள்ளவிடாதீர்கள்.

#15 இரவுப்பணி

கழுத்து பற்றி நான் சொல்கிறேன். பக்கவாத வார்டில் செவிலியராக இருக்கிறேன். கழுத்தில் இரண்டு பக்கமும் முள்ளெலும்புகளின் ஓட்டைகளுக்குள் நுழைந்து மூளையின் பின்பகுதிக்கு ரத்தக் குழாய் போகிறது. பெரும்பாலும் ஆறாவது எலும்பில் நுழைந்து, மேலே முதல் எலும்பைச் சுற்றி வளைந்து போகும். தலையைத் திருப்புவதில் சுமார் பாதி அசைவு முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது, குழாய் அங்கே இழுபடுகிறது. அதன் உள்சுவர் கிழிந்தால் ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். வருடத்துக்கு லட்சம் பேரில் சுமார் 3 பேருக்குக் கழுத்துக் குழாய் கிழிகிறது, பெரும்பாலும் வேறு காரணங்களால். அரிதுதான். ஆனால் வருபவர்கள் இளவயதுக்காரர்கள். 30 வயதில் விழுங்க முடியாமல் குழாய் வழியே சாப்பிடுகிறவரைப் பார்த்துவிட்டால் அரிது என்ற சொல் மனதில் நிற்காது.

#16 சிற்றோடை

இரவுப்பணி சொல்வதை முழுக்க மதிக்கிறேன். ஒரு விவரம் மட்டும் சேர்க்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் ஒன்பது வருடத் தரவில் 818 பக்கவாதங்களை எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. 45 வயதுக்குக் கீழ் பக்கவாதம் வந்தவர்கள் அதற்குச் சற்று முன்பு கைரோபிராக்டரிடம் போயிருப்பது மற்றவர்களைவிட அதிகம். ஆனால் குடும்ப டாக்டரிடம் போனவர்களிலும் அதே அதிகம் தெரிந்தது. குழாய் கிழியத் தொடங்கியதே கழுத்து வலியாகவும் தலைவலியாகவும் வந்து, அந்த வலிக்காக அவர்கள் எங்களையோ டாக்டரையோ தேடி வந்திருக்கலாம் என்பது அதன் விளக்கம். இதனால் எங்கள் கை சுத்தம் என்று ஆகிவிடாது. ஏற்கெனவே கிழிந்த குழாயுள்ள கழுத்தைத் திருகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல், காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்றாலும் தொடர்பு இருக்கிறது, கழுத்தில் கை வைக்கும் முன் நோயாளியிடம் இதைச் சொல்லுங்கள் என்றது.

நான் கழுத்தில் வேகமான தள்ளலை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. மெதுவான அசைவும் பயிற்சியும் பெரும்பாலோருக்குப் போதுமாக இருக்கிறது. புதிதாக, முன்பு இல்லாத மாதிரி கழுத்து வலியோ தலைவலியோ வந்து, கூடவே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், நடை தடுமாற்றம் இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

#17 புதுத்தளிர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் குழந்தைக்கு இரண்டு மாதம். மாலையானால் விடாமல் அழுகிறான். பிரசவத்தில் கழுத்து எலும்பு விலகியிருக்கும், சரிசெய்தால் அழுகை நிற்கும் என்று ஒருவர் சொல்கிறார். மென்மையாகத்தான் செய்வார்களாம்.

#18 சிற்றோடை

வேண்டாம் அம்மா. குழந்தையின் அழுகைக்கும் முதுகெலும்புக்கும் தொடர்பு இருப்பதாக நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. மாலை நேர அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டி, பால் குடிப்பதும் எடை ஏறுவதும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கும் தூக்கம் வேண்டும், வீட்டில் யாரையாவது மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

#19 நிழல்குடை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். என்ன ஆனது என்று சொல்லாமல் விடுவது முறையில்லை.

அவரிடம் திரும்பப் போனேன். கழுத்து வேண்டாம் என்றேன். 36 என்ற கணக்கு எதை வைத்து என்று கேட்டேன். எக்ஸ்ரேயைத்தான் மறுபடி காட்டினார். கொன்றை அக்கா எழுதியதை நினைத்து ஒரு கேள்வி கேட்டேன், வலியில்லாத ஒருவரின் எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா என்று. அவருக்குப் பிடிக்கவில்லை. நான் சண்டை போடவில்லை, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு பிசியோவிடம் போனேன். அவரும் இரண்டு தடவை அதே மாதிரி ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தள்ளினார், அதே சொடக்கு, அதே சுகம். ஆனால் எழுந்ததும் விடவில்லை. "இப்போது குனிய முடிகிறது அல்லவா, அப்படியென்றால் இப்போதே குனியுங்கள்" என்று காலி வாளியை எடுக்க வைத்தார், அப்புறம் அரை வாளித் தண்ணீர். வீட்டிலும் அதைச் செய்கிறேன். காலை இறுக்கம் அரை மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்திருக்கிறது. நேற்றுப் பெட்டியைத் தூக்கினேன், அதே பெட்டி. தூக்கும் முன் ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது உண்மை.

ஒரு சந்தேகம். வாளி தூக்கிய மறுநாள் இடுப்பில் லேசான நோவு வருகிறது. நிறுத்த வேண்டுமா?

#20 கொன்றை

நிறுத்த வேண்டாம். மறுநாள் மாலைக்குள் அடங்கிவிடுகிற நோவு என்றால் தசை வேலை செய்ததன் நோவுதான், அதே எடையில் தொடருங்கள். இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ காலுக்குள் இறங்கினாலோ எடையைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். காலில் மரத்துப்போதல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். அடுத்த வாரம் முழு வாளி.

#21 பனைமரம்

நானும் வாளியை ஆரம்பித்துவிட்டேன் அக்கா. இரண்டு கையிலும் ஒவ்வொன்று எடுக்கலாமா, அல்லது முதலில் ஒரு கையா?

#22 கொன்றை

நீங்கள்தான் மூட்டை தூக்குகிறவராயிற்றே, இரண்டு கையிலும் எடுங்கள். நிழல்குடை முதலில் ஒரு கை, ஒரு வாரம் கழித்துக் கை மாற்றி.